செல்லுக்குள் தங்கிவிடும் புரதம்

ஹெச்.இ.கே. 293 மனிதச் செல்களின் மேற்பரப்பில் ஒரு மறுசேர்க்கைப் புரதத்தை நிறுத்த முயல்கிறேன். செல்லுக்குள் புரதம் உருவாகிறது, வெளியே தெரியவில்லை. எங்கே தவறு?
— ஆய்வு மாணவி ஒருவர்

முதலில் உங்கள் மரபணுவின் கடைசி மூன்று எழுத்துகளைப் பாருங்கள். அங்குள்ள நிறுத்தக் குறியை நீக்காமல் பிளாஸ்மிட்டில் சேர்த்திருந்தால், அதன் பின்னால் வரும் சவ்வுப் பகுதி உருவாகவே உருவாகாது. அந்தப் பகுதிதான் புரதத்துக்கு நங்கூரம். அது இல்லாவிட்டால் புரதம் வெளியேறி வளர்ப்பு ஊடகத்தில் கரைந்துவிடும். ஊடகத்தை வெஸ்டர்ன் பிளாட் செய்து பாருங்கள். அங்கே பட்டை தெரிந்தால் விஷயம் இதுதான்.

ஊடகத்திலும் இல்லையா? முன்முனையில் சமிக்ஞைப் பெப்டைடு இருக்கிறதா, மரபணு அதோடு ஒரே வாசிப்புச் சட்டகத்தில் இணைந்திருக்கிறதா என்று வரிசையைப் படித்துப் பாருங்கள். சமிக்ஞை இல்லாத புரதம் எண்டோபிளாச வலைக்குள் நுழையாது, சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும்.

இரண்டும் சரியென்றால் சந்தேகம் டிரிப்சின் மேல். செல்களைப் பிரித்தெடுக்க அதை ஊற்றும்போது, மேலே நிற்கும் புரதத்தையும் அது வெட்டிவிடக்கூடும். பலர் வாரக்கணக்கில் பிளாஸ்மிட்டைக் குறை சொல்வது இதனால்தான். ஹெச்.இ.கே. செல்கள் தட்டில் இறுகப் பிடிப்பதில்லை, ஈ.டி.டி.ஏ. கரைசலே போதும்.

சாயமேற்றும்போது சவ்வைத் துளைக்காதீர்கள். உயிருள்ள செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, பிளாஸ்மிட்டில் நங்கூரத்தை ஒட்டி வைத்த மிக் (myc) அடையாளத்துக்கான எதிர்ப்பொருளைச் சேர்த்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். மிக் ஒளிர்ந்தால் முழுப் புரதமும் மேலே வந்துவிட்டது. தைரியமாகத் தொடருங்கள், இது மீட்கக்கூடிய சோதனைதான்.