மோக்லி தமிழ் பேசிய வரலாறு

சிறுவர் காணும் கார்ட்டூனுக்கும் தமிழாராய்ச்சிக்கும் யாது இயைபு என வினவுவார் நம் கல்லூரியில் உளர். பாட்டிமார் கூறிய கதைகளைத் திரட்டி ஆராய்தல் புலமைத் தொழிலாயின், தம்பி தங்கையர் நாள்தோறும் செவிமடுக்கும் தமிழை ஆராய்தலும் அத்தொழிலேயாம் என்பது எம் விடை. ஆதலின் ‘ஜங்கிள் புக்’ என்னும் சித்திரத்தொடர் நம் நாட்டிற்கு வந்த வழியையும், அது தமிழர் செவியில் பட்ட பாட்டையும் இக்கட்டுரையில் ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

இக்கதையின் பயணம் விந்தையானது. இதனை இயற்றிய ரட்யார்டு கிப்ளிங் 1865-இல் பம்பாயிற் பிறந்தவர்; 1907-இல் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு பெற்றவர். நம் நாட்டுக் காட்டைப் பற்றிய இக்கதைகளை அவர் எழுதியதோ அமெரிக்காவில், பனி மூடிய வெர்மாண்ட் மாநிலத்திலிருந்தபோது. முதற்புத்தகம் 1894-இலும் இரண்டாவது 1895-இலும் வெளிவந்தன. கதை நிகழும் இடம் இன்றைய மத்தியப் பிரதேசத்துச் சிவனி மலைப்பகுதி. ஓநாய்களிடையே வளர்ந்த மோக்லி என்னும் சிறுவனும், அவனுக்குக் காட்டுச் சட்டம் ஓதிய கரடியும், அவனைக் காத்த கருஞ்சிறுத்தையும், அவனுயிரை நாடிய புலியும் உலகெங்கும் பெயர் பெற்றனர். 1967-இல் டிஸ்னி நிறுவனத்தார் இதனைச் சித்திரப் படமாக்கினர். அஃது ஆட்டமும் பாட்டும் மிக்க நகைச்சுவைப் படம்.

நாம் எடுத்துக்கொண்ட தொடர் ஜப்பானில் தோன்றிற்று. 1975-இல் நிறுவப்பெற்ற நிப்பான் அனிமேஷன் என்னும் கூடத்தார் இதனை 52 பகுதிகளாக வரைந்தனர். டோக்கியோ தொலைக்காட்சியில் 1989 அக்டோபரிலிருந்து 1990 அக்டோபர் வரை வாரந்தோறும் இது காட்டப்பட்டது. பின்னர் இத்தாலியம், அரபு முதலிய பல மொழிகளில் இது பேசலாயிற்று. டிஸ்னியின் படம் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐம்பத்திரண்டு பகுதிகளிலோ ஒரு சிறுவன் வளர்தலை வாரம் வாரமாகக் காணலாம். பசி, பயம், பகை, நட்பு ஆகிய எல்லாவற்றிற்கும் அங்கே இடமுண்டு. இவ்விரண்டனுள் ஜப்பானியர் படைப்பே கிப்ளிங்கின் உள்ளத்திற்கு அணித்தென்பது எம் துணிபு.

இந்தியாவிற்கு இத்தொடர் வந்தது 1993-இல். தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு காலையில், இந்தி மொழியில், இது காட்டப்பட்டது. ஜப்பானியரின் முகப்புப் பாடலை நீக்கிக் கவிஞர் குல்ஸார் புதிதொன்று எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். புலியாகிய ஷேர்கானுக்கு நடிகர் நானா படேகர் குரல் கொடுத்தார். ஜப்பானில் வரைந்த வங்கப் புலி, பம்பாய் நாடக மேடையின் குரலில் உறுமத் தொடங்கிற்று. அப்பாடலின் ஒரு சொல்லேனும் பொருள் அறியாத நம் நாட்டார், முப்பதாண்டு கழிந்தும் அதனை முணுமுணுக்கக் கேட்கிறோம்.

அந்நாளில் நம் தென்மாவட்டங்களின் நிலையை நினைவு கூர்தல் வேண்டும். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. சன் டிவி பிறந்ததே 1993 ஏப்ரல் 14-இல்தான். அது கேபிள் வழி ஊர்தோறும் பரவச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே மோக்லி வந்த காலத்தில் சிற்றூர்ச் சிறுவர்க்குத் தூர்தர்ஷனை விட்டால் வேறு கதியில்லை.

எம் ஊராகிய சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புக்கு அணித்தாய், மேற்குமலைத் தொடரைக் கண்ணெதிரே கொண்டிருக்கும் ஊர். யாம் பிறவாத அக்காலத்தில் எம் தெருவில் இரண்டு வீடுகளில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததென்பர். கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பிய ஆண்டெனா காற்றில் சிறிது அசையினும் ஷேர்கான் புள்ளி புள்ளியாய் மறைந்துவிடுவானாம், ஒருவர் கூரைமேல் ஏறி நின்று, “இப்ப தெரியுதா?” எனக் கூவ வேண்டுமாம். இவற்றை எமக்குக் கூறியவர் எம் அத்தையார். அப்போது அவருக்குப் பத்து வயது. “இந்தி அறியாமல் கதை எங்ஙனம் விளங்கிற்று?” என யாம் கேட்டபோது அவர் அளித்த விடை இது: “இந்தி எங்களுக்கு எங்க தெரியும்? பாதி அவங்க பேசுனது, மீதி நாங்க பேசுனது.”

இவ்விடை ஆராய்தற்குரியது. ஞாயிறு பிற்பகலில் அச்சிறுவர், பார்த்த கதையைத் தெருவில் மீண்டும் நடித்தனர். ஒருவன் கரடி, ஒருத்தி ஓநாய்த்தாய். உரையாடல் முழுதும் அவர்தம் சொந்தத் தமிழ். ஆகவே இத்தொடருக்கு எம் ஊரில் முதல் டப்பிங் செய்தோர் அத்தெருச் சிறுவரே. அவர் பேசியதில் எம் கருத்தைக் கவர்ந்தது திணை. விலங்கு பேசும் கதையைத் தமிழாக்குவார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் அதுவேயாம்.

ஜப்பானிய வினைச்சொல் பால் காட்டுவதில்லை. இந்தி வினை ஆண்பால் பெண்பால் காட்டுமேயன்றி மக்கள், விலங்கு என்னும் பிரிவு காட்டாது. தமிழிலோ வாய் திறந்தவுடன் துணிய வேண்டும்: புலி வந்ததா, வந்தானா? ஓநாய்த்தாய் அழுததா, அழுதாளா? மக்களைச் சுட்டுவதே உயர்திணை என்றார் தொல்காப்பியர். பின்னர் நன்னூலார், உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குதல் இயல்பென அமைத்தார். எம் அத்தையார் இன்றும் அக்கதையைச் சொல்லும்போது ஓநாய்த்தாயை ‘அவள்’ என்பார். கூட்டத் தலைவனாகிய முதிய ஓநாயை ‘அவர்’ என்பார். ஷேர்கானைச் சினத்தோடு ‘அவன்’ என்பார். குரங்குக் கூட்டத்தை மட்டும் ‘அதுக’ என்றே தள்ளிவிடுவார். கிப்ளிங்கின் கதையிலும் குரங்குகள் சட்டமற்ற கூட்டமெனக் காட்டின் பிற உயிர்களால் ஒதுக்கப்பட்டவை. சட்டத்திற்கு அடங்கியவற்றிற்கு உயர்திணை, அடங்காதவற்றிற்கு அஃறிணை எனச் சிறுவர் தாமே வகுத்துக்கொண்டனர் போலும். புலியும் அடங்காததன்றோ எனின், அதனை உயர்திணையாக்கியது சினம். நன்னூல் படியாதாரும் நன்னூல்வழி ஒழுகினர்.

இனி இளமைப்பெயர். கதையில் விலங்குகள் மோக்லியை ‘மனிதக் குட்டி’ என்னும் பொருள்படவே அழைக்கும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியிலுள்ள மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப்பெயர்களைக் கூறி, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரித்தென வரையறுக்கும். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கற்கும் குருளை உரியது, நரிக்கும் அஃதே. இவற்றைக் குட்டி என்றும் பறழ் என்றும் கூறுதலும் விலக்கன்று. மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டே உரியன. குழவி யானைக்கும், மகவு மரம்வாழ் குரங்கிற்கும் உரியனவாதலின், நாம் அவ்விரண்டனோடும் பெயரளவில் உறவினராகிறோம். மோக்லியைக் கவர்ந்து சென்ற குரங்குகள் அவனைத் தம் உடன்பிறப்பெனக் கூறியதற்குத் தொல்காப்பியத்திலேயே சான்றுண்டென நகைத்தல் தகும்.

ஓநாய் நாயினமாதலின் அதன் இளமைப்பெயர் குருளை. அங்ஙனமாயின் ஓநாய்த்தாய் தன் குகைக்கு வந்த மனிதமகவை எவ்வாறு அழைத்தல் வேண்டும்? ‘மனிதக் குருளை’ என்றே அழைத்தல் வேண்டும் என்போம் யாம். மக்களுக்கு ஆகாப் பெயராதலின் இது மரபுவழு. அவ்வழுவிலேயே கதை முழுதும் அடங்கியுள்ளது. தன் இனத்தின் சொல்லால் பிற இனத்துப் பிள்ளையை அழைக்கும் கணத்திலேயே அவள் தாயாகிறாள். மோக்லியை மனிதர் ஊரில் ஏற்றுக்கொள்பவள் ‘மகவே’ என அழைத்தால், இரண்டு தாயரின் வேறுபாடும் ஒரு சொல்லில் விளங்கும். ஆங்கிலத்தில் இவ்வாய்ப்பு அரிது. தமிழில் ஈராயிரம் ஆண்டாகக் காத்துக் கிடக்கிறது. சாரணர் இயக்கத்துச் சிறுவரைக் ‘குருளையர்’ எனத் தமிழில் வழங்குதலை நம் மாணவர் பலர் அறிவர். அவ்வியக்கத்தை நிறுவிய பேடன் பவல், 1916-இல் சிறு பிள்ளைகளுக்கெனத் தனிப் படை வகுத்தபோது, அதன் பெயர்களையும் ஆட்டங்களையும் கிப்ளிங்கின் இந்நூலிலிருந்தே எடுத்தார். ஆதலின் இச்சொல் மோக்லிக்குப் புதிதன்று.

சிறப்புப் பெயர்கள் வேறு வகை இடர் தருவன. கிப்ளிங் அவற்றுட் பெரும்பாலானவற்றை இந்தியிலிருந்து எடுத்தார். பாலு என்பது கரடி. ஹாத்தி என்பது யானை. அகேலா என்பது தனியன். இந்திச் சிறுவனுக்கு இவை பொருளோடு ஒலிக்கும். தமிழ்ச் சிறுவனுக்கு வெறும் ஒலி. ‘பாலு’ மட்டும் நமக்கு நன்கு தெரிந்த பெயர்; அந்நாளில் வகுப்பிலிருந்த பாலசுப்பிரமணியன்கள் பட்ட துன்பத்திற்கு அளவில்லை என்பர். மோக்லி என்னும் பெயரோ கிப்ளிங் தாமே புனைந்தது. கதையில் அதற்குத் தவளை எனப் பொருள் கூறினாரேனும், எம்மொழியிலும் அப்பொருள் அதற்கில்லை. அப்பெயரை மாற்றுதல் வேண்டா. அகேலாவைத் தமிழில் எவரேனும் ‘தனியன்’ ஆக்கியிருப்பின், அம்முதிய தலைவனின் தனிமை பெயரிலேயே தோன்றியிருக்கும்.

ஜப்பானியத் தொடரில் மோக்லியின் கையில் வளைந்த எறிகருவி ஒன்று உண்டு. கிப்ளிங்கின் கதையில் அஃது இல்லை. அதனைக் கண்டார் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங் என்பர். நம் சிவகங்கை, மதுரைப் பக்கத்து மறவரும் கள்ளரும் கையாண்ட வளரியும் அவ்வகையதே. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் அதனைக் குறித்துள்ளார். சென்னை அருங்காட்சியகத்திலும் அதனைக் காணலாம். தமிழில் அத்தொடர் பேசுமாயின், மோக்லியின் கையிலிருப்பதை ‘வளரி’ எனக் கூறுதற்குத் தடையாது?

பிற்காலச் செய்திகளைச் சுருங்கக் கூறுவோம். 2007 ஏப்ரலில் சன் குழுமத்தார் சிறுவர்க்கெனச் சுட்டி டிவியைத் தொடங்கினர். அயல்நாட்டுச் சித்திரத்தொடர்கள் அதில் அன்றாடம் தமிழ் பேசின. எம் தலைமுறை கேட்டு வளர்ந்ததும் அத்தமிழே. ‘டோராவின் பயணங்கள்’ அவற்றுள் தலையாயது. 2000-இல் அமெரிக்காவில் பிறந்த அத்தொடரில் டோரா ஆங்கிலம் பேசி, இடையிடையே ஸ்பானியச் சொற்களைக் கற்பிப்பாள். தமிழில் அவள் தமிழ் பேசி, ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தாள். வேற்று நாட்டாரின் தாய்மொழி அமர்ந்திருந்த இடத்தில் நம் நாட்டில் ஆங்கிலத்தை அமர்த்தினோம். டோரா கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருப்பாள். மழலைகள் பெட்டியை நோக்கி உரக்க விடை கூறும். நம் பாடசாலைகளிற் பலவற்றில் அத்துணை பொறுமையோடு எவரும் காத்திருத்தலை யாம் கண்டிலோம்.

மோக்லியின் கதையை 2010-இல் ஐதராபாத்திலுள்ள டி.கியூ. என்டர்டெயின்மெண்ட் நிறுவனத்தார் கணினிவழிச் சித்திரத்தொடராக்கினர். 2016-இல் டிஸ்னியின் புதிய திரைப்படம், அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னரே, ஏப்ரல் 8-இல் இந்தியாவில் வெளியாயிற்று. தமிழிலும் அது வந்தது. அதன் இந்தி வடிவிற்காகப் பழைய பாடலைப் புதுக்கி, நானா படேகரையே மீண்டும் ஷேர்கானுக்குக் குரல் கொடுக்கச் செய்தனர். ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் தூர்தர்ஷன் பழைய தொடரை மறுபடியும் ஒளிபரப்பிற்று. எம் அத்தையார் தம் மகனை அருகிருத்தி அதனைக் கண்டார். இந்தியில் ஓடிய அதனை அச்சிறுவனுக்குத் தமிழில் கூறிக்கொண்டே இருந்தார். இருபத்தேழு ஆண்டுகட்கு முன் தெருவில் பேசிய சொற்களிற் பல அப்படியே வந்தன என்று அவரே வியந்துரைத்தார்.

குறை ஒன்று கூறல் வேண்டும். டப்பிங் எழுதுவோரின் பெயர், படத்தின் இறுதியில் ஒரு கணம் தோன்றி மறையும். பல வேளைகளில் அதுவும் இல்லை. நாவலொன்றை மொழிபெயர்த்தார்க்கு அட்டையில் இடம் உண்டு. ஒரு நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கேட்கும் உரையாடலைத் தமிழாக்கியவர்க்கு அவ்விடம் இல்லை. பெயரில்லாத தொழிலுக்குப் புலவர் எவர் செல்வார்? நம் தமிழ் வகுப்பில் பட்டம் பெறுவோர் ஆசிரியத் தொழிலையும் அரசுத் தேர்வையும் அல்லது வேறொன்றையும் எண்ணுவதில்லை. உதடசைவிற்கு ஒப்ப, அசை குறையாமலும் கூடாமலும், பொருள் சிதையாமல் வரி அமைத்தல் யாப்பறிந்தார்க்கு எளிது. யாப்பின் பயன் யாதெனக் கேட்கும் முதலாண்டு மாணவர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

எம் ஊர்க்கு மேற்கே தோன்றும் மலையில் 1988-இல் சாம்பல்நிற அணிலுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது காப்பகம். ஷேர்கானின் இனம் அங்கே உளது. யானையும் கரடியும் மலைப்பாம்பும் உள. அம்மலையைச் சார்ந்து வாழும் பளியர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காடு கார்ட்டூனில் மட்டும் காணும் பொருளன்று. அவர்கள் இத்தொடரைக் கண்டால் என்ன கூறுவர் என்று கேட்டெழுதுதல், இக்கட்டுரையினும் பயனுடைய ஆராய்ச்சியாகும். வரும் விடுமுறையில் அதனைச் செய்யக் கருதியுள்ளோம். முதலில் கேட்க நினைத்திருப்பது ஒன்று. கிப்ளிங்கின் இரண்டாம் புத்தகத்தில் ஓநாய்க் கூட்டத்தை அழிக்கத் தெற்கே தக்காணத்திலிருந்து புறப்பட்டு வருவது செந்நாய்ப் படை. எம் மலைக்காட்டில் கூட்டமாய் வேட்டையாடி, குருளைகளைக் கூடி வளர்ப்பது அச்செந்நாயே. இங்குப் பிறந்த மோக்லிக்குத் தாயாவது யார்?