வேலி வெட்டும் ஒப்பந்த வேலைக்குக் கூலி மதிக்கும் முறை

கமக்காரர்களே,

நெல் அறுவடை முடிந்த பின்னரும், மரக்கறிப் பாத்திகளில் வேலை குறைந்திருக்கும் காலத்திலும், அயலவரின் உயிர்வேலிகளை வெட்டிச் சீராக்கிக் கொடுத்து வருவாய் தேடுவோர் உங்களிற் பலர் உளர். சிறிய வளவு ஒன்றின் வேலியை நாட்கூலிக்கு வெட்டுவதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. பாடசாலை, கோயில், தென்னந்தோட்டம், பெரிய வளவு முதலியவற்றின் நீண்ட வேலிகளை மொத்தத் தொகைக்குப் பேசி ஏற்கும்போதே நட்டம் நேருகின்றது. வேலியைத் தெருவில் நின்று பார்த்து, வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டுப் பின் ஒரு கிழமை உழைத்து, நாட்கூலியிற் பாதிகூடக் கிடையாமல் வீடு திரும்புதல் உழைப்பாளிக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்துக்கும் கேடாகும். ஆதலால், ஒப்பந்தம் பேசுமுன் கணக்குப் பார்க்கும் முறையை இங்கு விளக்குவோம்.

1. வேலியின் தன்மையை அறிதல்

முதலில் வேலியின் முழு நீளத்தையும் இருபுறமும் நடந்து பார்த்தல் வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருங்கை, சீமைக்கிளுவை ஆகியவை நம் பகுதி வேலிகளிற் பெரும்பாலும் காணப்படும் கதியால்கள். ஆண்டுதோறும் வெட்டப்பட்ட வேலியில் இளங்கொப்புகளே இருக்கும். அவற்றைக் கத்தியும் கத்தரியும் கொண்டு விரைவில் வெட்டலாம். மூன்று நான்கு ஆண்டுகள் வெட்டாமல் விட்ட வேலியிலோ கொப்புகள் கைபோலத் தடித்திருக்கும். அவற்றுக்கு வாளும் கோடரியும் தேவை. இவ்விரு வேலிகளுக்கும் ஒரே விலை பேசுதல் தவறாகும். முள்முருங்கையில் முள்ளுண்டு, அதனைக் கையாள நேரம் கூடுதலாகச் செல்லும்.

வேலியினுள் பழைய முட்கம்பி புதைந்துள்ளதா, குளவிக்கூடு அல்லது முசுறு உண்டா, மேலே மின்கம்பி செல்கின்றதா என்பவற்றையும் கவனியுங்கள். மின்கம்பியைத் தொடும் கொப்புகளை நீங்கள் வெட்டுதல் ஆகாது. மின்சாரப் பகுதியினருக்கு அறிவித்து, அவர்கள் அவற்றை அகற்றிய பின்னரே அவ்விடத்தில் வேலை தொடங்குதல் வேண்டும். இதனை விலை பேசும்போதே உரிமையாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

2. நீளம் மட்டும் அளவாகாது

"அடிக்கு இவ்வளவு" என்று நீளத்தை மட்டும் கொண்டு விலை சொல்வது நம்மிடையே உள்ள வழக்கம். இவ்வழக்கே பெரும்பாலான நட்டங்களுக்குக் காரணமாகும். 200 அடி நீளமுள்ள இரு வேலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 6 அடி உயரமும் 3 அடி அகலமும் உடையது. இரு பக்கங்களும் மேற்புறமும் சேர்ந்து ஓரடி நீளத்துக்கு 15 சதுர அடி வெட்டவேண்டும்; ஆகவே மொத்தம் 3,000 சதுர அடி. மற்றையது 10 அடி உயரமும் 4 அடி அகலமும் உடையது. அதில் ஓரடிக்கு 24 சதுர அடி; மொத்தம் 4,800 சதுர அடி. நீளம் ஒன்றாயினும் இரண்டாம் வேலியில் வேலை ஒன்றரை மடங்குக்கு மேலாகும். அன்றியும், தலைக்கு மேலுள்ள பகுதிக்கு ஏணியும் கொக்கத்தடியும் வேண்டும். ஏணியை நகர்த்தி நகர்த்தி வெட்டும் வேலை, நிலத்தில் நின்று வெட்டும் வேலையிலும் மிக மெதுவாகவே நடக்கும்.

3. சோதனைத் துண்டு வெட்டுதல்

வேலை எத்தனை நாட் செல்லும் என்பதை ஊகிப்பதிலும் வெட்டிப் பார்த்து அறிவதே நன்று. உரிமையாளரின் சம்மதத்துடன், வேலியில் மிக நல்லதும் மிக மோசமானதுமல்லாத நடுத்தரமான 20 அடித் துண்டு ஒன்றை வெட்டுங்கள். வெட்டுவதற்குச் சென்ற நேரத்தையும், வெட்டிய குழையைக் கூட்டிக் குவிப்பதற்குச் சென்ற நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கூட்டி அள்ளும் வேலையைக் கணக்கிற் சேர்க்காமல் விடுவது பலரும் செய்யும் பிழையாகும்.

ஒவ்வொரு வேலை முடிந்த பின்னரும் வேலியின் இனம், நீளம், உயரம், சென்ற நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், நாளடைவில் சோதனைத் துண்டு வெட்டாமலே கணக்கிடும் திறமை உண்டாகும்.

4. கணக்கிடும் முறை

கீழே காட்டப்படும் தொகைகள் முறையை விளக்குதற்காக எடுத்துக்கொண்டவையே. உங்கள் ஊரில் நடைமுறையிலுள்ள கூலியையும் வாடகையையும் இட்டுக் கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

வேலியின் நீளம் 300 அடி. சோதனைத் துண்டான 20 அடியை ஓராள் வெட்ட ஒன்றரை மணி நேரமும், கூட்டிக் குவிக்க முக்கால் மணி நேரமும் சென்றன. முழு வேலியிலும் இத்தகைய துண்டுகள் 15 உள. எனவே வெட்ட 22½ மணியும், கூட்ட 11¼ மணியும், மொத்தம் 33¾ மணியும் வேண்டும்.

ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேலைத்தலத்தில் நின்றாலும், கத்தி தீட்டல், ஏணி நகர்த்தல், இளைப்பாறல் ஆகியவை போக ஆறு மணி நேரமே உண்மையான வேலை நடைபெறும். 33¾ ஐ 6 ஆல் வகுக்க ஐந்தரை நாளுக்குச் சற்று மேல் வரும். அதனை 6 ஆள்நாள் எனக் கொள்க.

6 ஆள்நாட் கூலி, நாளொன்றுக்கு 3,000 ரூபா வீதம்: 18,000 ரூபா.
குழை ஏற்றிச் செல்ல இருசில்லு உழவு இயந்திரம், 2 தடவை, 2,000 ரூபா வீதம்: 4,000 ரூபா.
அரம், ஆயுதத் தேய்மானம் முதலியன: 1,500 ரூபா.
கூட்டுத்தொகை: 23,500 ரூபா.

மழை, மறைந்திருந்த முட்கம்பி, ஆயுதம் முறிதல் முதலிய எதிர்பாராத இடர்களுக்குப் பத்திலொரு பங்கான 2,350 ரூபாவைச் சேர்க்க. பொறுப்பேற்று நடத்துவதற்கும், வேலை தேடி அலைந்த நாட்களுக்கும் ஈடாக இன்னும் 2,350 ரூபாவைச் சேர்க்க. சொல்லவேண்டிய விலை 28,200 ரூபா ஆகும். இது அடிக்கு 94 ரூபா.

இவ்வேலியையே கணக்கின்றி அடிக்கு 50 ரூபா வீதம் ஏற்றிருந்தால் கிடைப்பது 15,000 ரூபா. ஏற்றுக்கூலியும் ஆயுதச் செலவும் போக 9,500 ரூபா மிஞ்சும். ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 1,600 ரூபாவும் தேறாது. உதவியாளுக்கு முழுக்கூலி கொடுத்தால் உங்கள் பங்கு இதனிலும் குறையும்.

5. குழை யாருக்குரியது?

வெட்டிய குழை குப்பையன்று. வேலிக்குழையைத் தோட்டத்தில் தாழ்ப்பது வடபகுதியில் நெடுநாளைய வழக்கமாகும். சீமைக்கிளுவையும் முள்முருங்கையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் இலைகள் சிறந்த பசளையாகின்றன. நேரிய தடிகள் மாரி தொடங்குங்காலத்தில் கதியாலாகவும் நடப்படும். ஆகையால் குழையும் தடியும் யாருக்கு என்பதை முதலிலேயே பேசித் தீர்த்தல் வேண்டும்.

உரிமையாளர் குழையைத் தம் வளவிலேயே வைத்துக்கொள்வாராயின் ஏற்றுக்கூலி வேண்டியதில்லை. மேற்காட்டிய கணக்கில் 19,500 ரூபாவும் அதன் மேல் இரு பத்திலொரு பங்குகளும் சேர்ந்து 23,400 ரூபா ஆகும். குழையை நீங்கள் எடுத்து உங்கள் தோட்டத்துக்கே இடுவதாயின், அதற்கீடாகக் குழையை விலைக்கு வாங்கக் கொடுக்கவேண்டிய தொகையளவு குறைத்துக் கொடுக்கலாம். உங்களுக்குத் தேவையில்லாத குழைக்காக விலையைக் குறைத்தல் கூடாது.

6. எழுதிப் பேசுதல்

பேசியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை, எவ்வளவு உயரத்துக்கு, ஒரு பக்கமா இரு பக்கமுமா, குழையை அகற்றுவது யார், பணம் எப்போது, முற்பணம் எவ்வளவு என்பன அதில் இருத்தல் வேண்டும். பின்னர் "அந்த மூலையையும் பார்த்துவிடு தம்பி" என்று கேட்கப்படும் மேலதிக வேலைக்கு வேறு விலை என்பதையும் குறித்துவிடுங்கள்.

எல்லை வேலியாயின் அடுத்த வளவுக்காரரின் சம்மதத்தையும் உரிமையாளர் பெற்றுத் தரவேண்டும். அவரறியாமல் அவர் பக்கத்தை வெட்டினால், அயலவருக்கிடையே எழும் பிணக்கில் வெட்டியவரும் அகப்படுவார்; கூலியும் தடைப்படும்.

7. விலை கூடுதல் என்பாராயின்

கேட்டவுடன் தொகையைக் குறைத்தல் நன்றன்று. குறைத்தால் முதற் சொன்ன விலை பொய்யென்று அவர் எண்ணுவார். அதற்குப் பதிலாக வேலையைக் குறைத்துக் காட்டுங்கள். இவ்வாண்டு தெருப்பக்க வேலியை மட்டும் வெட்டலாம்; அல்லது குழை கூட்டும் வேலையை அவருடைய ஆட்கள் செய்யலாம். ஆண்டுதோறும் வெட்டினால் அடுத்த முறை செலவு குறையும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள், அது உண்மையுமாகும். இவற்றுக்கும் அவர் இணங்காராயின் அவ்வேலையை விட்டுவிடுதலே மேல். நட்டத்துக்குச் செய்யும் ஆறு நாளில் உங்கள் சொந்தத் தோட்டத்தில் ஆறு நாள் வேலை தவறிப்போகும் என்பதை மறவாதீர்கள்.

சுருக்கம்

வேலியை இருபுறமும் நடந்து பாருங்கள். நீளத்தோடு உயரத்தையும் அகலத்தையும் அளவுங்கள். ஒரு துண்டை வெட்டி நேரம் குறியுங்கள். கூட்டும் வேலையையும் ஏற்றுக்கூலியையும் சேருங்கள். குழைக்கு உரியவர் யாரென முன்னரே தீருங்கள். பேசியதை எழுதுங்கள். இவ்வாறு செய்யின் உழைப்புக்கேற்ற ஊதியம் உங்கள் கைக்கு வரும்; வேலை கொடுத்தவரும் மன நிறைவுடன் அடுத்த ஆண்டும் உங்களையே அழைப்பார்.