அக்குபஞ்சர் கிளினிக்கில் மைக்ரோகரண்ட்: வாங்கும் முன்பும் வைக்கும் முன்பும்

“என்னங்க, மெஷின் ஓடுதுங்களா? ஒண்ணுமே தெரியலீங்களே!”

மைக்ரோகரண்ட் வைக்கும் அக்குபஞ்சர் சிகிச்சையாளர் முதல் நாளே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். கோவை, திருப்பூர் பக்கம் பிசியோதெரபிக்கு ‘கரண்டு வெக்கிறது’ என்றுதான் பேர். கரண்டு வைத்தால் சுருசுருவென்று ஏற வேண்டும், தசை துடிக்க வேண்டும் என்று நோயாளி எதிர்பார்ப்பார். இதில் அது எதுவும் நடக்காது. நோயாளிக்கே உணர்வு தெரியாத சிகிச்சை என்பதால், பலனை அளந்து காட்டுவதும் உள்ளதை உள்ளபடி சொல்வதும் முழுக்க உங்கள் பொறுப்பு. அந்த இரண்டுக்கும் தயாராக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

என்ன வித்தியாசம்?

வழக்கமான டென்ஸ் கருவியும், ஊசியில் கிளிப் மாட்டி வைக்கும் எலக்ட்ரோ அக்குபஞ்சரும் மில்லிஆம்பியர் அளவில் வேலை செய்கின்றன. மைக்ரோகரண்ட் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோஆம்பியர் கணக்கு. பெரும்பாலும் 600 மைக்ரோஆம்பியருக்குள் வைப்பார்கள். மற்றவை வாய்க்காலில் மடை திறந்து விடும் தண்ணீர் என்றால், இது சொட்டு நீர்.

ஊசியையும் மின்சாரத்தையும் சேர்த்தது புதிய யோசனை இல்லை. பாரிஸில் சர்லாந்தியேர் என்ற மருத்துவர் 1825-லேயே இதைப் பற்றி எழுதினார். உடம்பில் காயம் பட்ட இடத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் இயல்பாகவே உண்டு என்பதை ஜெர்மானிய உடலியலாளர் துபுவா-ரேமோன் 1840-களில் தன் விரலிலேயே அளந்து காட்டினார்.

கருவி விற்க வருபவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். “ஏடிபி 500 சதவீதம் கூடும்” என்பார். அந்த எண் 1982-ல் செங் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. எலியின் தோலைத் தனியே எடுத்து வைத்துச் செய்த ஆய்வு அது. 1000 மைக்ரோஆம்பியருக்குள் செல்லின் எரிபொருளான ஏடிபி பெருகியது. கரண்ட்டை 5000-க்கு ஏற்றியபோது அந்தப் பலன் போய்விட்டது. ‘கூட வைத்தால் கூடப் பலன்’ என்ற நினைப்பு இங்கே தப்பு என்பதற்கு அது நல்ல பாடம். ஆனால் எலித்தோலில் கண்டதை மூட்டுவலிக்காரரிடம் சதவீதமாகச் சொல்வது நியாயமில்லை.

நம் வேலைக்கு நெருக்கமான ஆய்வு 2002-ல் அமெரிக்காவில் மார்கரெட் நேசர் குழுவினர் வெளியிட்டது. கார்ப்பல் டனல் என்னும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம் உள்ள 11 பேருக்கு, ஊசி இல்லாமல், அக்குபஞ்சர் புள்ளிகளில் குறைந்த சக்தி லேசரும் மைக்ரோஆம்பியர் டென்ஸும் வைத்தார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது வலி நன்றாகக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் 11 பேர்தான், லேசரும் சேர்ந்திருந்தது. ‘உதவக்கூடும்’ என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் உண்டு. ‘குணமாக்கும்’ என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

யாருக்குப் பொருந்தும்?

கொங்குப் பகுதியில் வேலை செய்தே வாங்கும் வலி அதிகம். திருப்பூரில் ஓவர்லாக், பவர் டேபிள் தைப்பவர்களுக்குக் கழுத்தும் தோள்பட்டையும் மணிக்கட்டும். சோமனூர் விசைத்தறிக்காரர்களுக்கு முதுகும் காலும். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு இடுப்பு. பொள்ளாச்சியில் தென்னை ஏறுபவர்களுக்கு முட்டியும் தோளும். இதில் மைக்ரோகரண்ட் கைகொடுக்கும் இடங்கள் மூன்று:

- ஊசிக்குப் பயப்படுபவர்கள். புரோப் முனையைப் புள்ளியில் வைத்தால் போதும்.
- ஊசியில் ஆபத்து கூடுதலான இடங்கள். தோள் மேட்டில் உள்ள ஜிபி 21 நல்ல உதாரணம். தையல்காரரின் தோள் இறுக்கத்துக்கு அதைத்தான் முதலில் தேடுவோம். ஆனால் அடியிலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழமானால் நுரையீரலில் காற்றுக் கசிவு வரலாம். ஒட்டும் பேடோ புரோப்போ வைத்தால் அந்தக் கவலை இல்லை.
- இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள். ஊசி குத்தினால் இரத்தம் கட்டலாம் என்ற தயக்கம் உள்ள இடத்தில் இது மாற்று.

ஒற்றைப் புள்ளியைத் தொட்டு மட்டும் சிகிச்சை செய்யும் மரபில் பயின்றவர் நீங்கள் என்றால், இந்தக் கருவி உங்கள் முறையோடு ஒட்டாது. பக்கத்துக் கிளினிக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக வாங்காதீர்கள்.

யாருக்கு வைக்கவே கூடாது?

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்புக்குள் வைத்தவர், கர்ப்பிணி, வலிப்பு நோய் உள்ளவர், புற்றுநோய்க் கட்டி உள்ளவர், காலில் ஆழ்சிரை இரத்தக் கட்டு உள்ளவர். கழுத்தின் முன்பக்கத்திலும், கண் மீதும், மின்னோட்டம் நெஞ்சுக்குக் குறுக்கே போகும்படியும் வைக்கக் கூடாது. “நெஞ்சுல ஏதாச்சும் மெஷின் வெச்சிருக்காங்களாங்க?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ‘ஹார்ட் ஆபரேஷன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு பேஸ்மேக்கரைச் சொல்ல மறக்கும் பெரியவர்கள் உண்டு.

நெஞ்சழுத்தத்தோடு இடது தோள்வலி, முதுகுவலியோடு சிறுநீர் போவதில் சிக்கல், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலோடு மூட்டு வீக்கம் ஆகியவை இருந்தால் கருவியைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கருவி வாங்கும்போது

1. மருத்துவச் சாதன விதிகள் 2017-இன் கீழ் உரிமம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. அழகு நிலையங்களுக்கான முகக் கருவியைச் சிகிச்சைக் கருவி என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.
2. பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். சார்ஜ் போட்டபடி நோயாளிமேல் வைக்கவே கூடாது.
3. இரு திசையிலும் சமமாக மாறும் அலை வேண்டும். ஒரே திசையில் ஓடும் கரண்ட்டை ஊசியில் கொடுத்தால் மின்பகுப்பில் ஊசி அரிக்கும், தோலும் புண்ணாகலாம்.
4. வெளிவரும் கரண்ட்டைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு முனைக்கும் நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், 200 மைக்ரோஆம்பியருக்கு 200 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். அலை திசை மாறுவதால் மல்டிமீட்டரில் முள் ஆடும், ஆசிலோஸ்கோப்தான் சரி. மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் கோவையில் இதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

வைக்கும் முறை

முதலில் அளவு எடுங்கள். வலி பத்துக்கு எத்தனை? கை எவ்வளவு தூரம் உயர்கிறது? கழுத்து எந்தப் பக்கம் திரும்பவில்லை? நோயாளி முன்னாலேயே அட்டையில் எழுதுங்கள்.

அடுத்து தோல். தேங்காய் எண்ணெயோ வலித் தைலமோ தடவிக்கொண்டு வருபவர்தான் அதிகம். எண்ணெய் படிந்த உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓமைத் தாண்டிவிடலாம். அப்போது 200 மைக்ரோஆம்பியரைத் தள்ளவே 20 வோல்ட் வேண்டும். சிறிய கருவிகள் திணறும். திரையில் எண் தெரியும், உள்ளே கரண்ட் போயிருக்காது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, பேடுக்கு ஜெல் அல்லது புரோப்புக்கு ஈரப் பஞ்சு வைத்துத் தொடங்குங்கள்.

மணிக்கட்டு மரத்துப்போன தையல்காரரை எடுத்துக்கொள்வோம். பிசி 7-இல் ஒரு புரோப், கையின் பின்பக்கம் டிஇ 4-இல் இன்னொன்று. 100 மைக்ரோஆம்பியருக்குள், குறைந்த ஹெர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் 15 வினாடி. பிறகு எல்ஐ 4, எல்ஐ 11. கடைசியில் முன்கையில் பேடு ஒட்டி 20 நிமிடம். முடிந்ததும் அதே அளவுகளைத் திரும்ப எடுங்கள். ஆறு முறை வந்தும் அட்டையில் எண் மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ கடிதம் கொடுத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பும் கிளினிக்கை ஊர் நம்பும்.

வேலை செய்யும் முறையையும் கேளுங்கள். ஸ்டூலின் உயரத்தை மாற்றாமல் கரண்டு மட்டும் வைத்தால், அடுத்த ஷிப்ட் முடிந்ததும் வலி திரும்பி வரும்.

சட்டம்

மத்திய சுகாதார அமைச்சகம் 2019 பிப்ரவரியில் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. இங்கே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 உண்டு. உங்கள் சான்றிதழுக்குக் கிளினிக் பதிவு கிடைக்குமா என்பதை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முதலீடு செய்யுங்கள். ஊசி பயன்படுத்தினால் மருத்துவக் கழிவு விதிகள் 2016 பொருந்தும். துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் ஊசியைச் சேர்த்து, பொதுச் சுத்திகரிப்பு நிலைய வண்டியில் கொடுக்க வேண்டும்.

விளம்பரம்

‘சர்க்கரை, பக்கவாதம், புற்றுநோய் குணமாகும்’ என்று ஃப்ளெக்ஸ் வைப்பது குற்றம். 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 54 நோய்களைப் பட்டியலிட்டு அத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

‘மெஷின் ஓடுதுங்களா’ என்பவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: “ஓடுதுங்க. உங்களுக்குத் தெரியாத அளவு கரண்டுதானுங்க இது. சில பேருக்கு வலி குறையுது, சில பேருக்குக் குறையறதில்லைங்க. ஆறு தடவை பார்க்கலாமுங்க. அட்டையில எண் குறையலீன்னா நானே நிறுத்திடறேன்.” இதை மனதார ஒவ்வொருவரிடமும் சொல்ல முடிந்தால் கருவி வாங்குங்கள். முடியாது என்று தோன்றினால், அந்தப் பணத்தில் ஒரு வருடம் நல்ல ஆசிரியரிடம் புள்ளிகளை இன்னும் ஆழமாகப் படியுங்கள். உங்களுக்கும் நோயாளிக்கும் அதுவே லாபம்.