முப்பத்திரண்டு கிலோபைட்டில் ஒரு பாடம்

கணிப்பொறி என்றால் எல்லாம் அறிந்த மாயப் பெட்டி என்று எண்ணுவோர் இன்றும் உளர். உண்மையில் அது வேறுபடுத்தி அறிவது இரண்டே நிலைகளைத்தான். மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் 1, தாழ்ந்திருந்தால் 0. இவற்றுள் ஒன்றைத் தாங்கும் ஓரிடமே 'பிட்'. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு 'பைட்'. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய 'ஏ'யை 65 என்ற எண்ணால் குறிப்பர். 64-ம் 1-ம் சேர்ந்தது 65. ஆகவே அது 01000001 என்று பதிவாகிறது. 1024 பைட்டுகள் ஒரு கிலோபைட் ஆகும்.

பள்ளிக்கு வந்த பொறி

இங்கிலாந்தில் பி.பி.சி. நடத்திய கணிப்பொறிக் கல்வித் திட்டத்திற்காக, ஏகார்ன் நிறுவனம் 1981-ல் 'பி.பி.சி. மைக்ரோ'வை உருவாக்கியது. அதன் 'பி' வகைக்கு நினைவகம் 32 கிலோபைட். இந்தியாவில் 1984-85-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக இப்பொறி நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது.

அப்பொறியின் முன் அமர்ந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். ஒரு பொறிக்கு மூவர். ஒருவர் ஏட்டைப் பார்த்து வரிகளைப் படிப்பார். ஒருவர் தட்டச்சு செய்வார். மற்றவர் பிழை பார்ப்பார். ஒரு நாள் நாற்பது வரிகள் முடிந்த வேளையில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது எங்கள் வரிகளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'பேசிக்' மொழி மட்டும் முன்போலவே ஆயத்தமாக நின்றது. அது ஏன்? 'பேசிக்' இருந்தது 'ரோம்' என்னும் நிலையான நினைவகத்தில். எங்கள் வரிகள் இருந்தது மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் 'ரேம்' நினைவகத்தில். இவ்விரண்டின் வேறுபாட்டை அன்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரைக்கும் நினைவு வேண்டும்

திரையில் தெரியும் படமும் நினைவகத்தில்தான் இருக்கிறது. குறுக்கே 640, நெடுக்கே 256 எனப் புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 1,63,840 புள்ளிகள். இரு நிறம் போதுமெனில் புள்ளிக்கு ஒரு பிட். எட்டால் வகுத்தால் 20,480 பைட். அதாவது 20 கிலோபைட். எஞ்சிய 12-லும் ஒரு பகுதியைப் பொறி தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் மாணவனின் நிரல் அடங்க வேண்டும். எழுத்து மட்டும் காட்டும் திரையோ 25 வரி, வரிக்கு 40 எழுத்து. அதற்கு 1 கிலோபைட் போதும். ஆகவே படம் பெரிதா, நிரல் பெரிதா என்று முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கை நாங்கள் போட்டது பொறியில் அன்று, ஏட்டில்.

ஏடும் எழுதுகோலும் போதும்

இன்று 8 கிகாபைட் நினைவகம் கொண்ட கைப்பேசிகள் உள்ளன. அது அன்றைய 32 கிலோபைட்டைப் போல 2,62,144 மடங்கு. எனினும் பிட்டும் பைட்டும் மாறவில்லை. தாராளம் வந்தபின் எண்ணிப் பார்க்கும் தேவை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று, அவ்வளவே. சொந்தமாகக் கணிப்பொறி இல்லையே என்று தயங்கும் மாணவ நண்பர்களே, அடிப்படைகளைக் கற்க அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதோ ஒரு பயிற்சி. நான்கு நிறத்திற்குப் புள்ளிக்கு 2 பிட். பதினாறு நிறத்திற்கு 4 பிட். அப்படியானால் 320-க்கு 256 புள்ளிகள் கொண்ட நான்கு நிறத் திரைக்கும், 160-க்கு 256 புள்ளிகள் கொண்ட பதினாறு நிறத் திரைக்கும் எத்தனை கிலோபைட் வேண்டும்? இரு விடைகளையும் முன் கண்ட 20 கிலோபைட்டுடன் ஒப்பிடுங்கள். நிறம் கூடும்போது புள்ளி குறைவதன் காரணம் உங்கள் ஏட்டிலேயே விளங்கிவிடும்.