உறங்கும் கணினியை எழுப்புதல்

நுழையும்முன்

மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் அது விழித்துக்கொள்ளும் என்றே எல்லாரும் எதிர்பார்க்கின்றனர். சில வேளைகளில் அது விழிப்பதில்லை. திரை கருமையாகவே இருக்கிறது. அப்போது பதற்றத்தில் செய்யும் முதற்செயலே பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாகிறது. எதை முதலில் செய்வது, எதை இறுதிவரை தள்ளிவைப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது. விளக்கத்திற்குத் துணையாகக் கோலார் தங்கவயலின் வரலாற்றுச் செய்திகள் மூன்று எடுத்தாளப்படுகின்றன.

உறக்கம் என்பது யாது?

கணினி இயங்கும்போது, திறந்துள்ள கட்டுரை, வரைந்துகொண்டிருக்கும் படம் முதலியன நினைவகம் என்னும் உறுப்பில் தங்குகின்றன. நினைவகம் மிக விரைவானது. ஆனால் மின்சாரம் உள்ளவரை மட்டுமே அதில் எழுதியது நிலைக்கும். வட்டு என்னும் சேமிப்பகம் அதைவிட மெதுவானது. ஆயினும் மின்சாரம் நின்ற பின்னும் அதில் எழுதியது அழியாது. நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவைப்பதையே 'சேமித்தல்' என்கிறோம்.

உறக்கநிலையில் திரை அணைகிறது. செயலி ஓய்வு கொள்கிறது. நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் இடையறாது சென்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் விழித்தவுடன் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர முடிகிறது.

தங்கவயலில் வாழ்வோர்க்கு இதனை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். ஆழ்சுரங்கத்தில் பாறை இடுக்குகளிலிருந்து நீர் ஊறிக்கொண்டே இருக்கும். தொழிலாளர் உள்ளே இறங்காத நாளிலும் நீரிறைக்கும் பொறி ஓடவேண்டும். அது ஓடும்வரை சுரங்கம் ஓய்வில் இருக்கிறது எனலாம். மறுநாள் வேலையைத் தொடரலாம். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் இவ்வூர்த் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றபின் ஆழ்ந்த பகுதிகளில் நீர் நிரம்பிவிட்டது. ஓய்வுக்கும் நிறுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. உறங்கும் கணினியின் நினைவகத்திற்குச் செல்லும் சிறு மின்சாரம், அந்த நீரிறைக்கும் பொறியைப் போன்றது.

ஆழ்துயில் என மற்றொரு நிலையும் உண்டு. அதில் நினைவகத்தில் உள்ளவை யாவும் வட்டில் எழுதப்பட்ட பின்னரே மின்சாரம் நிறுத்தப்படுகிறது. உறங்கும்போது பேட்டரி குறைந்தால், பல கணினிகள் தாமாகவே ஆழ்துயிலுக்குச் சென்றுவிடுகின்றன.

மூன்று பக்கங்கள்

கோரமண்டலில் வாழும் மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவளுடைய பெற்றோர் நாள்தோறும் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் பாட்டியும் அண்ணனும் உள்ளனர். வட ஆர்க்காட்டிலிருந்து தம் மாமனார் சுரங்க வேலைக்கு வந்த கதையைப் பாட்டி சொல்லச் சொல்ல, அவள் பள்ளிக் கட்டுரைக்காகத் தட்டச்சு செய்கிறாள். மூன்று பக்கங்கள் நிறைகின்றன. அவள் இன்னும் சேமிக்கவில்லை. பாட்டி தேநீர் வைக்க எழுந்ததும் கணினியை மூடுகிறாள். அரைமணி கழித்துத் திறந்தால் திரையில் ஒளி இல்லை.

"பொத்தானை விடாமல் அழுத்திப் பிடி. அணைந்து மறுபடியும் எழும்" என்கிறான் அண்ணன்.

"அணைந்தால் பாட்டி சொன்னதெல்லாம் என்ன ஆகும், அண்ணா?" என்று அவள் கேட்கிறாள்.

அண்ணன் கூறியது கணினிக்குப் பொருந்தும், கட்டுரைக்குப் பொருந்தாது. பொத்தானைப் 10 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மடிக்கணினிகள் அணையும், நினைவகமும் வெறுமையாகும். பாட்டியை மீண்டும் சொல்லச் சொல்லலாம். ஆனால் முதன்முறை அவர் நினைவுக்கு வந்த பெயர்களும் ஊர்களும் மறுமுறையும் தவறாமல் வரும் என்று உறுதி கூற இயலாது. ஆகவே, எதையும் இழக்காத வழிகளை முதலில் செய்து பார்க்கவேண்டும். இழப்பை உண்டாக்கும் வழியை இறுதியில் வைக்கவேண்டும்.

படி 1: அறிகுறிகளைக் காணுதல்

முதலில் எதையும் அழுத்தாமல் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும். கணினியின் ஓரத்தில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா, முற்றிலும் அணைந்துள்ளதா? உள்ளே காற்றாடி சுழலும் ஒலி கேட்கிறதா? அடுத்து, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை ஒருமுறை தட்டவேண்டும். அதன் விளக்கு எரிந்து, மறுமுறை தட்டும்போது அணைந்தால், கணினி பெரும்பாலும் விழித்தே இருக்கிறது. காட்சி மட்டுமே வரவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை எனில், மின்சாரம் இல்லாதிருக்கலாம். அல்லது கணினி ஆழ்துயிலில் இருக்கலாம்.

கணினியின் அடிப்பகுதி புடைத்திருந்தாலோ, தொட இயலாதபடி சுட்டாலோ, சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் கூறவேண்டும். புடைத்த பேட்டரி தீப்பற்றக்கூடியது. அதனைப் பழுதுபார்ப்பவரே கையாளவேண்டும்.

படி 2: மின்வழியைத் தொடர்தல்

1902 ஆம் ஆண்டு, காவிரியின் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கிய மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழியே வந்து தங்கவயல் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905 இல்தான். அத்தகைய நெடுங்கம்பியில் எங்கு அறுந்தாலும் சுரங்கத்தில் பொறி நின்றுவிடும். ஆகவே பொறி நின்றது எனில், பழுது பொறியில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வழியில் எங்கேனும் இருக்கலாம்.

மடிக்கணினிக்கும் இதுவே பொருந்தும். சுவரில் உள்ள மின்செருகியில் வேறொரு விளக்கையோ கைபேசிச் சார்ஜரையோ இணைத்துப் பார்த்தால், அங்கு மின்சாரம் உண்டா என்பது தெரியும். பின்பு சார்ஜரின் இரு முனைகளும் நன்கு பொருந்தியுள்ளனவா எனப் பார்க்கவேண்டும். பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தால், சார்ஜரை இணைத்தவுடன் கணினி எழாது. கால் மணி நேரமேனும் காத்திருத்தல் நன்று.

படி 3: எழுப்பும் வழியை மாற்றுதல்

சில கணினிகள் எந்த விசையைத் தட்டினாலும் விழிக்கும். சில, ஆற்றல் பொத்தானை அழுத்தினால் மட்டுமே விழிக்கும். எனவே அப்பொத்தானை ஒரே ஒருமுறை, ஒரு நொடி அளவே அழுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். பொறுமையின்றி மீண்டும் மீண்டும் அழுத்தினால், எழத் தொடங்கிய கணினி மறுபடியும் உறங்கிவிடக்கூடும். குறும் அழுத்தம் எழுப்புவது. நெடும் அழுத்தம் அணைப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

படி 4: திரையைச் சோதித்தல்

கணினி விழித்திருக்கிறது, காட்சி மட்டும் இல்லை என்று தோன்றினால், முதலில் ஒளியைக் கூட்டும் விசையை அழுத்தவேண்டும். பின்னர், விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தவேண்டும். இது காட்சியை இயக்கும் மென்பொருளை மட்டும் மீண்டும் தொடங்கச் செய்கிறது. ஒரு சிற்றொலி கேட்கும். திரை ஒருகணம் மின்னும். திறந்துள்ள கட்டுரைக்கு இதனால் இழப்பில்லை.

அதற்கும் எழவில்லை எனில், இருட்டில் கைவிளக்கைத் திரையின்மேல் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், திரையின் பின்னொளி பழுதாகியிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் கம்பியால் இணைத்துக் காட்சியைப் பெற்று, கட்டுரையைச் சேமித்துவிடலாம்.

படி 5: புறக்காரணங்களை நீக்குதல்

மூடி திறந்துள்ளதா, மூடியுள்ளதா என்பதைப் பல மடிக்கணினிகள் காந்தத்தின் உதவியால் அறிகின்றன. மூடியில் ஒரு சிறு காந்தமும், விசைப்பலகைப் பக்கத்தில் அதனை உணரும் உறுப்பும் இருக்கும். காந்தப் பிடிப்புள்ள கைபேசி உறையோ, காந்தக் கைக்கடிகாரப் பட்டையோ அவ்விடத்தில் இருந்தால், கணினி தன் மூடி இன்னும் திறக்கப்படவில்லை என்றே எண்ணிக்கொள்ளும். அத்தகைய பொருள்களை அகற்றவேண்டும். இணைக்கப்பட்டுள்ள சுட்டி, அச்சுப்பொறி, விரல்வட்டு முதலியவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். விரல்வட்டில் உள்ள கட்டுரையே திறந்திருக்குமாயின், அதை மட்டும் கழற்றலாகாது.

நீக்கிக் காணும் முறை

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டால் என்ன? கணினி எழலாம், ஆனால் எதனால் எழுந்தது என்பது தெரியாது. மறுநாள் அதே பழுது திரும்பிவரும். ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சுவதைக் காண்பதே அறிவியலின் முறை.

இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்று தங்கவயலிலேயே உள்ளது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் வளிமண்டலத்தில் பலவகை நுண்துகள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் நியூட்ரினோ என்பது எதனுடனும் எளிதில் மோதாது. ஆகவே அதனைக் கண்டறிதல் மிக அரிது. தரைமட்டத்தில் ஏனைய துகள்கள் மழையெனப் பொழிவதால், நியூட்ரினோவின் அடையாளம் அவற்றிடையே மறைந்துவிடும். அறிவியலாளர் அந்த மழையை நீக்க வழி தேடினர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். மேலே இருந்த பாறை ஏனைய துகள்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. எஞ்சிய சிலவற்றுள், பக்கவாட்டில் வந்த தடங்கள் நியூட்ரினோவால் உண்டானவை என அறிந்தனர். 1965 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர் இணைந்து இதனை வெளியிட்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பெரிய ஆய்வாயினும் சிறிய பழுதாயினும் முறை ஒன்றே.

அந்த மாணவியும் அம்முறைப்படியே சென்றாள். விளக்கு எரிந்தது, ஆகவே மின்சாரம் உண்டு. கேப்ஸ் லாக் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தது. ஆகவே கணினி விழித்துள்ளது. எஞ்சியது திரை ஒன்றே. நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினாள். காட்சி திரும்பியது. வேறெதையும் தொடுமுன் அவள் கன்ட்ரோல், எஸ் ஆகிய இரு விசைகளை அழுத்திக் கட்டுரையைச் சேமித்தாள்.

படி 6: இறுதி வழி

முற்கூறிய ஐந்தும் பயன்தராதபோதே பொத்தானை நெடுநேரம் அழுத்தவேண்டும். கணினி அணைந்ததும் அரை நிமிடம் விட்டு மீண்டும் இயக்கலாம். அப்போதும் முழு நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. வேர்ட், லிப்ரே ஆபீஸ் போன்ற எழுதும் மென்பொருள்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாகவே ஒரு மீட்புப் படியை எழுதிவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளன. மீண்டும் திறக்கும்போது அப்படியைத் தரட்டுமா என்று அவை கேட்கும். இறுதியாகத் தட்டச்சு செய்த சில வரிகள் மட்டுமே இழப்பாகலாம்.

மீண்டும் நேராதிருக்க

இப்பழுது அடிக்கடி நேர்ந்தால், காட்சி மென்பொருளையும் இயங்குதளத்தையும் புதுப்பிக்கவேண்டும். எந்த நாளில், என்ன அறிகுறி தோன்றியது, எந்தப் படியில் கணினி எழுந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. பழுதுபார்ப்பவருக்கு அக்குறிப்பு பெரிதும் உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, மூடியை மூடுமுன் சேமிக்கும் பழக்கம் வேண்டும். கெட்டுப்போன திரைக்கு மாற்றுத்திரை கடையில் கிடைக்கும்; எழுதிய மூன்று பக்கங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.

சொல்லும் பொருளும்

இடையறாது – நிற்காமல், தொடர்ந்து
ஆழ்துயில் – ஆழ்ந்த உறக்கம்
விரல்வட்டு – விரலளவான சேமிப்புக் கருவி
பின்னொளி – திரையின் பின்னிருந்து வரும் ஒளி
எஞ்சுதல் – மீதியாக நிற்றல்

மொழியை அறிவோம்

'கணினி எழுந்தது' என்பதில் எழும் செயலைக் கணினியே செய்கிறது, இது தன்வினை. 'மாணவி கணினியை எழுப்பினாள்' என்பதில் ஒருவர் மற்றொன்றைச் செய்விக்கிறார், இது பிறவினை. விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தான். காட்சி திரும்பியது, காட்சியைத் திருப்பினான் என்பனவும் இவ்வாறே அமையும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நினைவகத்திற்கும் வட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உறங்கும் கணினி, நீரிறைக்கும் பொறி ஓடும் சுரங்கத்தோடு ஏன் ஒப்பிடப்படுகிறது?
3. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைவதால் என்ன அறியலாம்?
4. அண்ணன் கூறிய வழியை மாணவி ஏன் உடனே பின்பற்றவில்லை?

ஆ. பிறவினையாக மாற்றுக.
1. மூடி திறந்தது.
2. கட்டுரை அழிந்தது.
3. தாள் கிழிந்தது.

இ. செய்து பார்க்க.
1. வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவர் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காக வந்தார் எனக் கேட்டு, ஒரு பக்க அளவில் தமிழில் தட்டச்சு செய்க. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேமிக்க.
2. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தின் கருத்துக்குப் பொருந்தும் குறளைக் கண்டறிந்து எழுதுக. அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை இரண்டு தொடர்களில் விளக்குக.