நெல்லைக்கு வரும் பயணி அஞ்ச வேண்டுமா?

முன்னுரை

"உங்கள் ஊரில் இரவில் தனியே நடக்கலாமா?" வெளியூர் நண்பர்கள் பலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நெல்லையப்பர் கோயிலைப் பற்றிக் கேட்பவர்களைவிட, அல்வாவைப் பற்றிக் கேட்பவர்களைவிட, அரிவாளைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். திரைப்படங்களும் செய்தித்தாள்களும் நம் ஊருக்குச் சூட்டிய பெயர் அது. சிரித்து மழுப்பிவிடலாம், சினந்து மறுத்தும் பேசலாம். இரண்டாலும் பயனில்லை. வரலாறு படிக்கும் மாணவி என்ற முறையில், இக்கேள்வியை நேர்மையாக ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை வழிகளும் காவலும்

வழிப்போக்கரின் அச்சம் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் பாலைத்திணையில் ஆறலைக் கள்வர் வருகின்றனர். 'ஆறு' என்றால் வழி. வழியில் செல்வோரை அலைத்துப் பொருள் பறிப்பவர் என்பது பொருள். மழை பொய்த்து நிலம் வறண்டபோதே அந்நிலம் பாலையாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. வறுமையும் வழிப்பறியும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சிலப்பதிகாரத்தில் இன்னொரு காட்சி உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரைக்கு நடக்கின்றனர். பாண்டிய நாட்டில் விலங்குகளும் தீங்கு செய்யா என்ற நம்பிக்கையில், வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே செல்லத் துணிகின்றனர். காட்டு வழியைக் கடந்து நலமாக நகரையும் அடைகின்றனர். பிறகு நடந்ததை யாவரும் அறிவோம். கோவலன் உயிரிழந்தது காட்டில் அன்று, நகரில்; கள்வனால் அன்று, கள்வன் என்று சுமத்தப்பட்ட பழியால். அவனை அறிந்தவர் அவ்வூரில் இல்லை. அயலூரான் என்பதே அவனுக்குப் பகையாயிற்று. பயணிக்கு நேரும் ஆபத்து அவன் அஞ்சும் இடத்திலிருந்தே வரும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் காவல் முறை நிலவியது. ஊரைக் காப்பவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ, ஈடு செய்யவோ காவற்காரர் கடமைப்பட்டவர். இம்முறையில் நன்மையும் இருந்தது. காவல் கூலி தராதவரை மிரட்டும் கொடுமையும் இருந்தது. 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின் கும்பினியார் பாளையங்களின் காவல் உரிமையைப் பறித்தனர். காவலையே தொழிலாகக் கொண்ட குடிகள் பிழைப்பை இழந்தன.

பின்னர் 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் செய்த களவுக்கு ஒரு குலம் முழுவதையும் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. இச்சட்டம் 1947இல்தான் இங்கே நீக்கப்பட்டது. "அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான்" என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் சொற்றொடரில் அந்தப் பழைய பதிவேட்டின் நிழல் இருக்கிறது.

எண்கள் கூறுவது என்ன?

அச்சத்தை அளக்கக் கதைகளை விட எண்கள் நம்பத்தக்கவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. அவற்றுள் தகராறு காரணமாக நடந்தவை 9,962. பகையும் பழிவாங்கலும் காரணமாக நடந்தவை 3,761. இவ்விரண்டுமே ஏறத்தாழப் பாதியாகின்றன. பொருளுக்காக நடந்த கொலைகள் 1,884. அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. பெரும்பாலான கொலைகளுக்கு வேர் ஒருவரையொருவர் அறிந்தவர்களின் பகையில் இருக்கிறது. நிலத்தகராறு, குடும்பத் தகராறு, சாதிப் பகை, முன் விரோதம் என்று அது வளரும். இரண்டு நாள் தங்கிச் செல்ல வந்த பயணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலி நீதிமன்ற வாயிலிலேயே ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. முந்தைய கொலை ஒன்றுக்குப் பழிவாங்க நடந்தது இது என்று காவல்துறை கூறியது. இச்செய்தியைப் படித்த வெளியூர்க்காரர் பயணச்சீட்டை ரத்து செய்ய நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த அரிவாள் தேடி வந்தது அவரையன்று.

இனி வேறு எண்களைப் பார்ப்போம். அதே 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். கொலை வழக்குகளைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு! விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே முதலிடம் பெற்றது. நீரில் மூழ்கி இறந்தோர் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆகவே, நெல்லைக்கு வருபவர் அரிவாளுக்கு அஞ்சிக்கொண்டு, இரவு முழுவதும் கண் விழித்த ஓட்டுநரின் வண்டியில் ஏறி வருவாரானால், அவர் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆறும் அருவியும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியே நம் மாவட்டத்தின் உயிர். பாபநாசத்திலும், அம்பாசமுத்திரத்திலும், சேரன்மகாதேவியிலும், குறுக்குத்துறையிலும் அது அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பலாகாது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் அளவு நீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். அணையில் நீர் திறக்கப்பட்டால் வெயில் காயும் நாளிலும் நீர்மட்டம் உயரும். உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்கும் துறையையும் இறங்காத துறையையும் அறிவார்கள், வந்தவர் அறியார்.

குற்றாலத்திலும் அவ்வாறே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் ஓசை மாறினாலும் துணியைத் தேடாமல் உடனே மேடேற வேண்டும். இதைச் சொல்லும் பலகைகள் இன்னும் நிறைய வேண்டும் என்பது என் கருத்து.

சிறு களவும் பெருந்தொல்லையும்

அப்படியானால் பயணிக்குக் குற்றத்தால் தீங்கே இல்லையா? உண்டு. அது பெரும்பாலும் சிறிய அளவில் வரும். படித்துறையில் சட்டையையும் கைபேசியையும் வைத்துவிட்டு முழுகி எழுந்தால் அவை இருக்குமென்ற உறுதியில்லை. ஆனித் தேரோட்டத்திலும் ஆடி அமாவாசைக் கூட்டத்திலும் கழுத்துச் சங்கிலி அறுபடுவதும், பணப்பை பறிபோவதும் உண்டு. பெயர்பெற்ற கடைகளின் பெயரை ஒட்டிப் பலகை எழுதி ஏமாற்றுவோர் உண்டு. ஊருக்குப் புதியவர் என்று தெரிந்தால் கூலியை இரட்டிப்பாக்குவோரும் உண்டு.

பெண்களின் நிலையைத் தனியே கூறவேண்டும். நெரிசல் மிகுந்த பேருந்தில் அம்பாசமுத்திரம் வழியாக வந்து போகும் மாணவியரில் நானும் ஒருத்தி. எங்கள் அச்சம் அரிவாளைப் பற்றியதன்று; உரசும் தோளையும், பின்தொடரும் காலடியையும் பற்றியது. இவற்றுள் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இதற்கென 1998இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் ஒருத்தி குரல் எழுப்பும்போது பேருந்தில் உள்ள மற்றவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தால் சட்டம் என்ன செய்யும்? கொலைக் கணக்கைக் காட்டிப் பெண் பயணியிடம் "அஞ்சாதே" என்று சொல்வது முழு உண்மையாகாது.

பயணிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "அது எங்கள் எல்லை இல்லை" என்று பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, ரயிலில் 139, இணையவழிப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களை மனத்தில் இருத்துவது நலம்.

உலகம் காட்டும் பாடம்

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நாட்டைப் பற்றியும் உலகம் இதையே கேட்கிறது. 2006இன் இறுதியில் அந்நாட்டு அரசு போதைப்பொருள் கும்பல்களுக்கு எதிராகப் படையை இறக்கியது முதல் அங்கே கொலைகள் பெருகின. ஆயினும் 2023இல் 4 கோடிக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் அங்கே சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே திரும்பினர். யுகடான் மாநிலத்தில் கொலைகள் மிகக் குறைவு. சினலோவாவிலோ நிலை வேறு. 2024இல் பாஹா கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடச் சென்ற மூன்று வெளிநாட்டு இளைஞர்கள் கொல்லப்பட்டதும் உண்மையே. வண்டியின் சக்கரங்களைத் திருட வந்தவர்களே கொன்றனர் என்று அங்குள்ள அதிகாரிகள் கூறினர். ஒரு நாட்டைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது. எந்த ஊர், எந்தச் சாலை, எந்த நேரம் என்று கேட்பவரே சரியாகக் கேட்பவர். நம்மைப் பற்றியும் பிறர் அவ்வாறே கேட்க வேண்டும் என விரும்பினால், நாமும் பிற ஊர்களைப் பற்றி அவ்வாறு கேட்கப் பழக வேண்டும்.

வெள்ளத்தில் வந்த விருந்தினர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியில் மண் அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம், இருட்டு. களவாட நினைப்பவருக்கு இதைவிட வாய்ப்பான நேரம் ஏது? ஆனால் அருகிலிருந்த புதுக்குடி கிராம மக்கள் வந்தது அரிசியோடும் பருப்போடும். தம் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், முன்பின் அறியாதவர்களுக்கு அவர்கள் சமைத்துப் போட்டனர். 19ஆம் தேதி மீட்புப் பணி முடிவுறும் வரை அப்பயணிகளைத் தாங்கியதில் அவ்வூர்க்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்நிகழ்ச்சியை வைத்து நெல்லைச் சீமையில் குற்றமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அயலாரைக் கண்டால் இவ்வூர் மக்கள் என்ன செய்வர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று என்கிறேன்.

முடிவுரை

ஆகவே, பயணிக்கு என் விடை இது: பொருளைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள், சாலைக்கும் தண்ணீருக்கும் அஞ்சுங்கள், அரிவாளுக்கு அஞ்சி வராமல் இருக்க வேண்டாம்.

ஆனால் சக மாணவர்களே, நமக்கு வேறு விடை உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டியவர்கள் வழிப்பறிக் கள்வர்கள் அல்லர். உடன் படித்த மாணவர்கள். சாதியே அங்கே ஆயுதம் ஏந்தியது. அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024இல் தன் பரிந்துரைகளை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் பள்ளியில் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

பயணி இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவார். நாம் இங்கேயே வாழப் போகிறவர்கள். வந்தவருக்குச் சோறிட்ட ஊர், தன் பக்கத்துத் தெருப் பிள்ளையை அஞ்ச வைக்கலாமா? வெளியூரார் நம்மைக் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுமுன், இக்கேள்விக்கு நம் வகுப்பறைகளிலேயே விடை காண வேண்டும். அந்த விடை நல்லதாக அமையுமானால், நம் ஊரின் பெயரைத் திருத்தத் தனியே யாரும் வாதாட வேண்டியிராது.