பட்டம் எந்தப் படிவரை?

படைக்கு முன்னே போய்ச் சேரவேண்டியவை உணவும் எரிபொருளும். அவற்றைக் கணக்கிட்டு அனுப்பும் பணியைச் சீருடை அணியாமலே செய்வோர்க்கு அமெரிக்க அரசின் குடிமைப் பணியில் 0346 என்ற எண்ணுடைய பிரிவு உண்டு. அதன் தகுதி விதிகளைப் படித்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. 15 படிகள் கொண்ட ஊதிய முறையில் இளங்கலைப் பட்டதாரி 5ஆம் படியில் நுழையலாம். முதுகலை 9 வரையிலும், முனைவர் பட்டம் 11 வரையிலும் கைகொடுக்கும். 12 முதல் எந்தப் பட்டமும் செல்லாது! அடுத்த கீழ்ப்படியின் தரத்தில் ஓராண்டு உழைத்த துறை அனுபவமே கணக்கு. பட்டத்தையே ஏணியாக நம்பும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்யும்.

அந்த அனுபவம் எத்தகையது? கிடங்கை மட்டும் அறிந்தவர்க்கும், போக்குவரத்தை மட்டும் அறிந்தவர்க்கும் வேறு பிரிவுகள் உள்ளன. இங்கு வேண்டப்படுபவர் கொள்முதல், கிடங்கு, பழுதுபார்ப்பு, போக்குவரத்து யாவற்றையும் பிணைத்துத் திட்டமிடத் தெரிந்தவர். டாங்கி களம் சேர்ந்து, அதன் உதிரிப்பாகம் துறைமுகத்தில் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவே விண்ணப்பத்தில் பதவிப் பெயரை எழுதினால் போதாது. எதைத் திட்டமிட்டார், எவ்வளவு காலம் என்பதையும் விளக்க வேண்டும். ஊதியமின்றிச் செய்த தொண்டும் அனுபவமாக எண்ணப்படும் என்று வேலை அறிவிப்புகளிலேயே குறிப்பிடுகிறார்கள்.